செக்கு எண்ணெய் வேறு, வெர்ஜின் எண்ணெய் வேறு!

‘சொந்தத் தோப்புத் தேங்காயைக் காயவைத்து, மரச்செக்கில் ஆட்டி, பாட்டிலில் அடைத்து விற்கிறோம். லேபிளில் வெர்ஜின் என்று போட்டால் கூடுதல் விலை கிடைக்கும் என்கிறார்கள். போடலாமா?’ சரவணம்பட்டி வாசகர் ஒருவரின் கேள்வி இது.

போடக்கூடாது. மரச்செக்கில் ஆட்டினாலும் அது கொப்பரை எண்ணெய்தான். வெர்ஜின் எண்ணெய்க்குக் கொப்பரையே கிடையாது. முற்றிய பச்சைத் தேங்காயைத் துருவிப் பால் பிழிந்து, அதைப் புளிக்க வைத்தோ, இயந்திரத்தில் வேகமாகச் சுழற்றியோ எண்ணெயைப் பிரிப்பார்கள். ‘மரச்செக்குத் தேங்காய் எண்ணெய்’ என்று உள்ளதைப் போடுங்கள். அதற்கே நல்ல மதிப்பு இருக்கிறது.

ஆனால், செக்கு எண்ணெயின் தரம் செக்கில் தீர்மானமாவதில்லை, களத்தில்தான் தீர்மானமாகிறது. பச்சைப் பருப்பில் ஏறக்குறைய பாதி தண்ணீர். அதை 6 சதவிகித ஈரத்துக்குக் கொண்டுவரும் வரை விடாமல் காயவைக்க வேண்டும். காங்கேயம் களங்களில் நடப்பது இதுதான். இடையில் மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நச்சும் சேரலாம். சிலர் கந்தகப் புகை போட்டு வெள்ளையாக்குகிறார்கள். பெரிய ஆலைகளில் அமிலத்தன்மையை நீக்கி, நிறத்தை வெளுத்து, நீராவியால் வாசனையைப் போக்கி ரீஃபைண்டு எண்ணெய் ஆக்கிவிடுவார்கள். உங்கள் செக்கில் அந்த வேலை இல்லை. களத்தில் நடந்த தப்பு அப்படியே பாட்டிலுக்கு வந்துவிடும். பூஞ்சணக் கொப்பரையைக் கழித்துவிட்டுத்தான் ஆட்ட வேண்டும், மனசு வராவிட்டாலும்.

குளிரில் உறைந்தால் சுத்தமான எண்ணெய் என்றொரு நம்பிக்கை உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கில் உறையும், சரிதான். பாமாயில் வகையைச் சேர்ந்த பனைக்கொட்டை எண்ணெயும் ஏறக்குறைய அப்படித்தான் உறையும்.

அடுத்து, சமையலுக்கா, தலைக்கா? சிறிய பாட்டிலில் வரும் தேங்காய் எண்ணெய் எதில் சேரும் என்று சேலம் மத்திய கலால் ஆணையர் தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2018-ல் இரண்டு நீதிபதிகளும் ஆளுக்கொரு தீர்ப்பு சொன்னார்கள். 2024 டிசம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் அமர்வு, பாட்டில் சிறியது என்பதற்காக மட்டும் அது தலைக்கான எண்ணெய் ஆகிவிடாது என்று முடித்துவைத்தது. அப்போது சமையல் எண்ணெய்க்கு ஜி.எஸ்.டி 5 சதவிகிதம், தலைக்கான எண்ணெய்க்கு 18. 2025 செப்டம்பர் 22 முதல் இரண்டுமே 5 சதவிகிதம்தான்.

வரி ஒன்றானாலும் உரிமம் ஒன்றல்ல. தலைக்கான எண்ணெய் அழகுசாதனப் பொருள். அதற்குத் தனி உரிமம் வேண்டும். உங்களிடம் இருப்பது உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண் என்றால், அந்த எண், பச்சைப் புள்ளி, தொகுதி எண், தயாரித்த தேதி, எடுத்துப் பயன்படுத்த வேண்டிய காலம், நிகர அளவு, விலை, உங்கள் முகவரி எல்லாம் லேபிளில் இருக்கட்டும். நீளக் கூந்தல் பெண் படத்தையும், ‘முடி வளரும்’ என்ற வரியையும் அச்சகத்தாரிடம் சொல்லி எடுத்துவிடுங்கள்.