கடிதம் வளர்த்த விமானம்

மாதுங்காவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வாழும் தமிழர்க்கு ஊர்க் கடிதத்தின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஏர் இந்தியா அத்தகைய கடிதங்களைச் சுமந்தே தோன்றியது.

1932 அக்டோபர் 15 அன்று ஜே. ஆர். டி. டாட்டா, ஒற்றை எஞ்சின் கொண்ட சிறு விமானத்தில் தபால் மூட்டையோடு கராச்சியிலிருந்து புறப்பட்டு, ஆமதாபாத் வழியாகப் பம்பாய் ஜுஹுவில் இறங்கினார். அங்கிருந்து நெவில் வின்சென்ட் என்பவர் பெல்லாரி வழியாகத் தபாலைச் சென்னை சேர்த்தார்.

அரசாங்க மானியம் இல்லை. சுமந்த தபாலின் எடைக்கே கூலி. மழைக்காலத்தில் ஜுஹுத் திடல் நீரில் மூழ்குமாதலால், விமானங்கள் பூனாவுக்கு மாறும். அவ்வருவாயில் வேரூன்றிய கம்பெனியே 1946-இல் ஏர் இந்தியா எனப் பெயர் பெற்றது. 1948-இல் அதன் விமானம் லண்டனை எட்டிற்று. 1953-இல் அரசுடைமையாகி, 2022-இல் டாட்டா குழுமத்திடமே அது மீண்டது.

பயணிகளை அன்று, கடிதங்களை நம்பியே அது முதலிற் சிறகு விரித்தது.