கோடு ஒன்றின் கூலி

"இன்னும் கொஞ்சம் மாற்றிப் பாருங்களேன்." வரைகலைஞர்கள் அன்றாடம் கேட்டுச் சலித்துப்போன சொல் இது. எதை மாற்றுவதென்று மட்டும் எவரும் சொல்வதில்லை.

1971 இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, பில் நைட் என்பவரின் சப்பாத்துக் கம்பனிக்குச் சின்னம் வரைந்தார். பல மாதிரிகளைக் காட்டினார். எதிலும் நைட்டுக்கு மனம் நிறையவில்லை. வேலை அவசரம்; ஒன்றை எடுத்துக்கொண்டார். கூலி 35 டொலர். அதுதான் இன்று உலகறிந்த நைக்கிச் சின்னம்!

1983 இல் அவரை அழைத்து, மோதிரமும் கம்பனிப் பங்குகளும் வழங்கி நைட் கௌரவித்தார்.

சகோதரிகளே! உங்கள் வீட்டுக் கலியாண அழைப்பிதழை வடிவமைப்பவரும் கலைஞரே. வேண்டியதை முதலிலேயே தெளிவாகச் சொல்லுங்கள். பிடிக்காவிட்டால் காரணத்தைக் கூறுங்கள். பேசிய கூலியைத் தாமதியாது கொடுங்கள். பன்னிரண்டு வருடம் காத்திருக்க எல்லோராலும் முடியாது.