ஜூன் 24: பாட்டும் மெட்டும் ஒரே தேதியில் பிறந்தன!
கவிஞர் காரைக்குடி பக்கம், மன்னர் பாலக்காடு, குரல் நம்ம மதுரை

மதுரை, ஜூன் 24–

தமிழ் சினிமா பாட்டுக்கு ஒரு பிறந்த நாள் வைக்கலாம் என்றால், அது இன்றைய தேதிதான்.

கவிஞர் கண்ணதாசன் பிறந்தது 1927-ம் ஆண்டு ஜூன் 24. அவர் பாட்டுக்கு மெட்டுப் போட்ட மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்தது 1928-ம் ஆண்டு ஜூன் 24. சரியாக ஒரு வருஷம்தான் வித்தியாசம்!

இருவரும் சேர்ந்து செய்த பாட்டைப் பட்டி தொட்டி எங்கும் கொண்டு போய்ச் சேர்த்த குரல் யாருடையது? மதுரையில் பிறந்த டி.எம்.சவுந்தரராஜனுடையது.

கல்யாண வீட்டில் குழாய் கட்டினாலும் சரி, டீக்கடை ரேடியோவில் இலங்கை வானொலி பாடினாலும் சரி, ஒரு காலத்தில் இந்த மூவர் இல்லாமல் பொழுது விடிந்ததில்லை.

7 ஆயிரம் ரூபாய் பிள்ளை

மதுரையில் காரைக்குடி பஸ் ஏறினால் ரெண்டு மணி நேரப் பயணம். காரைக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது சிறுகூடல்பட்டி. அங்கே சாத்தப்பனார் – விசாலாட்சி ஆச்சிக்கு 8-வது பிள்ளையாகப் பிறந்தவர் முத்தையா. அவர்தான் பின்னாளில் கண்ணதாசன்.

அப்போது அந்த ஊர் ராமநாதபுரம் ஜில்லாவில் இருந்தது. அந்த ஜில்லாவுக்குக் கலெக்டர் ஆபீஸ் இருந்ததோ மதுரையில்!

நகரத்தார் வழக்கப்படி, சிறு வயதிலேயே காரைக்குடி வீடு ஒன்றுக்குப் பையன் சுவீகாரம் போனார். விலை 7 ஆயிரம் ரூபாய். புது வீட்டில் அவருக்கு வைத்த பெயர் நாராயணன்.

அமராவதிபுதூர் குருகுலத்தில் படித்தார். படிப்பு 8-ம் வகுப்போடு நின்றது. பிறகு பத்திரிகை வேலை. கண்ணதாசன் என்ற பெயர் அவரே தனக்கு வைத்துக் கொண்டது.

தாயும் பிள்ளையும்

பாலக்காடு பக்கம் எலப்புள்ளியில் பிறந்த விஸ்வநாதன் கதை இதைவிடச் சோகம்.

4 வயதில் தகப்பனார் போய்விட்டார். வறுமை தாங்காத தாயார், பிள்ளையோடு தண்ணீரில் விழுந்து உயிரை விடத் துணிந்தார். தாத்தா பார்த்துக் காப்பாற்றினார். அன்று அவர் பார்க்காமல் இருந்திருந்தால் மெல்லிசை மன்னர் ஏது?

பையன் சினிமா கொட்டகையில் தின்பண்டம் விற்றான். நீலகண்ட பாகவதரிடம் பாட்டுக் கற்றான். நடிக்கலாம் என்ற ஆசையோடு சினிமாவுக்கு வந்தான். கிடைத்ததோ ஜூபிடர் கம்பெனியில் எடுபிடி வேலை! எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே, இசையமைப்பாளர் எஸ்.எம்.சுப்பையா நாயுடுவின் ஆர்மோனியத்தைக் கவனித்துக் கொண்டிருந்தான்.

அதே ஜூபிடர் கம்பெனி எடுத்த படம் ‘கன்னியின் காதலி’ (1949). கண்ணதாசன் முதன்முதலாகப் பாட்டு எழுதியது அந்தப் படத்துக்குத்தான்.

அண்ணன் எடுத்த படம்

1952-ல் இசையமைப்பாளர் சி.ஆர்.சுப்பராமன் திடீரென்று காலமானார். அவரிடம் உதவியாளர்களாக இருந்த விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பாக்கி வேலைகளை முடித்துக் கொடுத்தார்கள். அந்த ஆண்டே ஜோடியாக இசையமைத்த ‘பணம்’ வெளிவந்தது.

அந்தப் படத்தை எடுத்தவர் யார் தெரியுமா? கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன்! டைரக்டர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன்.

அதன் பிறகு ‘பாகப்பிரிவினை’ (1959), ‘பாவமன்னிப்பு’, ‘பாசமலர்’, ‘பாலும் பழமும்’ (மூன்றும் 1961), ‘கர்ணன்’ (1964) என்று பாட்டுக்காகவே படம் பார்க்கும் காலம் வந்தது. 1963-ல் சிவாஜி கணேசன் கையால் இருவருக்கும் ‘மெல்லிசை மன்னர்கள்’ பட்டம் கிடைத்தது. 1965-ல் ஜோடி பிரிந்தது. விஸ்வநாதன் தனியாகத் தொடர்ந்தார். கண்ணதாசன் கூடவே இருந்தார்.

எழுதுவது வேறு கை

பாட்டு உருவாகும் இடத்தைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்படுவார்கள். கவிஞர் கையில் பேனா இருக்காது. விஸ்வநாதன் ஆர்மோனியத்தை வைத்துக்கொண்டு மெட்டை முணுமுணுப்பார். கவிஞர் வாயாலேயே வரிகளைச் சொல்லுவார். எழுதிக் கொள்வது உதவியாளர். பல வருஷம் அந்த வேலையைப் பார்த்தவர் பஞ்சு அருணாசலம். கவிஞருக்கு அண்ணன் மகன்.

மெட்டுக்குப் பாட்டு வந்ததும் உண்டு. பாட்டுக்கு மெட்டு வந்ததும் உண்டு. வார்த்தை உட்காராவிட்டால் இவர் மெட்டை வளைப்பார்; மெட்டு அசையாவிட்டால் அவர் வார்த்தையை மாற்றுவார்.

‘பட்டினப் பிரவேசம்’ (1977) படத்தில் எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பாடிய ஒரு பாட்டு இதற்குச் சாட்சி. அடிக்கு அடி ‘லா’ என்றே முடியும். கேட்டவர்களுக்கு அது விளையாட்டு. எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்.

முனிச்சாலையில் சிலை

சவுந்தரராஜன் மதுரையில் சவுராஷ்டிரக் குடும்பத்தில் 1922-ம் ஆண்டு மார்ச் 24-ல் பிறந்தவர். 1954-ல் ‘தூக்குத் தூக்கி’யில் சிவாஜிக்கும், ‘மலைக்கள்ள’னில் எம்.ஜி.ஆருக்கும் பாடினார். சிவாஜிக்குப் பாடினால் சிவாஜியே பாடுவது போல இருக்கும், எம்.ஜி.ஆருக்குப் பாடினால் எம்.ஜி.ஆரே பாடுவது போல இருக்கும்.

2013-ம் ஆண்டு மே 25-ல் அவர் மறைந்தார். 2023 ஆகஸ்டில் மதுரை முனிச்சாலையில் அவருக்குச் சிலை திறக்கப்பட்டது.

கடைசிப் பாட்டு

எம்.ஜி.ஆரைப் பேச்சிலும் எழுத்திலும் போட்டுத் தாக்கியவர் கண்ணதாசன். ஆனால் எம்.ஜி.ஆர். முதலமைச்சர் ஆனதும், 1978-ல் அவரையே அரசவைக் கவிஞர் ஆக்கினார்!

1981-ல் அமெரிக்கா போன கவிஞர் திரும்பவில்லை. சிகாகோ ஆஸ்பத்திரியில் அக்டோபர் 17-ல் உயிர் பிரிந்தது. வயது 54.

அவர் சினிமாவுக்கு எழுதிய கடைசிப் பாட்டு ‘மூன்றாம் பிறை’ (1982) தாலாட்டு. மெட்டு இளையராஜா. ஊர் அன்றைய மதுரை ஜில்லா பண்ணைப்புரம். ‘அன்னக்கிளி’ (1976) மூலம் இளையராஜாவைக் கொண்டு வந்தவர் யார்? கவிஞர் சொல்லச் சொல்ல எழுதிய அதே பஞ்சு அருணாசலம்தான்!

டெல்லி மறந்தது

பாட்டுக்கு தேசிய விருது கொடுக்கத் தொடங்கியபோது, 1968-ம் ஆண்டுக்கான முதல் விருதே கண்ணதாசனுக்குத்தான். படம் ‘குழந்தைக்காக’. ‘சேரமான் காதலி’ நாவலுக்கு 1980-ல் சாகித்ய அகாடமி பரிசும் வந்தது. சவுந்தரராஜனுக்கு 2003-ல் பத்மஸ்ரீ கிடைத்தது.

விஸ்வநாதனுக்கு? பத்ம விருதும் இல்லை, தேசியத் திரைப்பட விருதும் இல்லை!

2012-ல் முதலமைச்சர் ஜெயலலிதா அவருக்கும் ராமமூர்த்திக்கும் ‘திரை இசைச் சக்கரவர்த்தி’ பட்டமும், தலா 60 பொற்காசும் ஒரு காரும் கொடுத்தார். 2015-ம் ஆண்டு ஜூலை 14-ல் விஸ்வநாதன் காலமானார். 87 வயது நிறைந்து 20-வது நாள். டெல்லியில் இருந்து கடைசி வரை எதுவும் வரவில்லை.

இதே ஜூன் 24-ல் இங்கிலாந்திலும் இரண்டு பேர் பிறந்தார்கள். கிதார் வாசித்த ஜெஃப் பெக் (1944), டிரம் வாசித்த மிக் ஃப்ளீட்வுட் (1947). இருவருமே உலகப் புகழ் பெற்றவர்கள். ஆனால், ஒரு மாநிலமே எழுந்து நிற்கும் மெட்டு அவர்களிடம் இல்லை. விஸ்வநாதனிடம் இருக்கிறது.

55 விநாடி

அதுதான் தமிழ்த்தாய் வாழ்த்து. மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை 1891-ல் வெளியிட்ட நாடகத்தில் உள்ள வாழ்த்துக்கு மோகன ராகத்தில் மெட்டுப் போட்டவர் விஸ்வநாதன். 1970-ல் அரசு அதை ஏற்றுக் கொண்டது.

எழுதியவர் ஆலப்புழையில் பிறந்தவர். மெட்டுப் போட்டவருக்குத் தாய்மொழி மலையாளம். இசைத்தட்டில் பாடிய சவுந்தரராஜன் வீட்டில் பேசியது சவுராஷ்டிரம். கூடப் பாடிய பி.சுசீலாவுக்குத் தெலுங்கு. நாலு பேரும் சேர்ந்து தமிழுக்குச் சூட்டிய மாலை அது!

2021 டிசம்பரில் அது மாநிலப் பாடல் ஆனது. மோகன ராகத்தில் 55 விநாடியில் பாட வேண்டும். எல்லோரும் எழுந்து நிற்க வேண்டும். இசைத்தட்டைப் போடக் கூடாது, வாயால்தான் பாட வேண்டும் என்று அரசு உத்தரவு போட்டது.

அதனால் விழா மேடைகளில் குரல் மாறிவிட்டது. மெட்டு மாறவில்லை. பள்ளிக்கூடத்தில் காலை மணி அடித்தால் பிள்ளைகள் நிமிர்ந்து நிற்கிறார்கள். கலெக்டர் முதல் கடைசி பெஞ்சுக்காரர் வரை எழுந்து நிற்கிறார்கள்.

ஜூபிடர் கம்பெனியில் டீ வாங்கிக் கொடுத்த பையனுக்கு, எந்த டெல்லி விருது இதற்கு ஈடு?