உங்களுக்குத் தெரியுமா? டீசலுக்குள் ஒரு மெழுகு

மார்கழிக் குளிரில் தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு உறைந்துபோகும் அல்லவா? டீசலில் இருக்கும் ஹெக்ஸாடெகேனும் அப்படித்தான். 16 கார்பன் அணுக்கள் ஒரே வரிசையில் கைகோத்து, 34 ஹைட்ரஜன் அணுக்களைச் சுமக்கும் ஆல்கேன் இது. 18 டிகிரி செல்சியஸுக்கு மேலே நிறமற்ற எண்ணெய். அதற்குக் கீழே வெள்ளை மெழுகு. சென்னையில் ஊற்றலாம், ஊட்டிக் குளிரில் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்!

★ பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும். உறைந்த ஹெக்ஸாடெகேனோ தன் எண்ணெயிலேயே மூழ்கிவிடும். குளிர்ந்ததும் நீளச் சங்கிலிகள் விறகுக்கட்டு மாதிரி நெருக்கமாக அடுக்கிக்கொள்வதுதான் காரணம்.

★ இதன் இன்னொரு பெயர் சீட்டேன். லத்தீனில் 'சீட்டஸ்' என்றால் திமிங்கலம். 1817-ல் பிரெஞ்சு வேதியியலாளர் ஷெவ்ரல், திமிங்கலத் தலையிலிருந்து எடுத்த மெழுகைக் காரத்தோடு சூடாக்கி, 16 கார்பன் கொண்ட ஓர் ஆல்கஹாலைப் பிரித்தார். அந்த ஆல்கஹாலுக்கு வந்த திமிங்கலப் பெயர்தான், அதே 16 கார்பன் கொண்ட இதற்கும் ஒட்டிக்கொண்டது.

★ எனக்குப் பெரிய வியப்பு இதுதான். ஒரு கிண்ணத்தில் ஹெக்ஸாடெகேனை ஊற்றி, மேலே தீக்குச்சியைக் காட்டுங்கள், சட்டென்று பற்றாது. பற்றுமளவு ஆவி கிளம்ப, சுமார் 135 டிகிரி சூடு வேண்டும். ஆனால் 200 டிகிரியைத் தாண்டிய காற்றில் பட்டால், தீப்பொறியே இல்லாமல் தானாக எரியும். நேரான நீளச் சங்கிலியிலிருந்து ஹைட்ரஜனைப் பறிப்பது ஆக்ஸிஜனுக்கு அவ்வளவு சுலபம். டீசல் எஞ்சினுக்கு ஸ்பார்க் பிளக் தேவைப்படாததன் ரகசியம் இதுவே: பிஸ்டன் காற்றை அழுத்திச் சூடேற்றுகிறது, டீசல் உள்ளே பீய்ச்சியதும் பற்றிக்கொள்கிறது. எவ்வளவு சீக்கிரம் பற்றுகிறது என்பதற்கான அளவுகோல்தான் சீட்டேன் எண். ஹெக்ஸாடெகேனுக்கு 100. நம் ஊர் பி.எஸ்.-6 டீசலுக்குக் குறைந்தது 51 இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினில் இதே குணம் ஆகாது; முந்திக்கொண்டு எரிந்து 'நாக்கிங்' சத்தம் எழுப்பும்.

★ அதே 16 கார்பன், 34 ஹைட்ரஜனைக் கிளைகளோடு மாற்றி மாற்றி அடுக்கினால் 10,359 வடிவங்கள் கிடைக்கும்!

★ லடாக் குளிரில் டீசலிலுள்ள நீளச் சங்கிலிகள் மெழுகாகத் திரண்டு ஃபில்ட்டரை அடைத்துவிடும். இதைத் தாங்க, மைனஸ் 33 டிகிரி வரை ஓட்டம் குறையாத தனி டீசலை 2019 நவம்பரில் அங்கே அறிமுகப்படுத்தியது இந்தியன் ஆயில்.