கிணற்று மேட்டுக்கு ஹைட்ரஜன் கரண்ட் எப்போது வரும்?

போன மாதம் வெள்ளிமலையில் ஒரு விவசாயிகள் கூட்டம். சாமை விதை நேர்த்தி பற்றிப் பேசி முடித்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தோம். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் கிட்டே வந்து செல்போனில் ஒரு வீடியோவைக் காட்டினார்.

"சார், இதுல தண்ணி ஊத்துனாப் போதுமாம், மோட்டார் ஓடுமாம். ஹைட்ரஜன் கரண்ட்டுன்னு சொல்றாங்க. டீசலே வேணாமாம். பத்தாயிரம் அட்வான்ஸ் கட்டுனா முதல் ஆளா நமக்குத் தருவாங்களாம்."

"கட்டிட்டீங்களா?"

"இல்லைங்க. கெழங்கு புடுங்குனதும் கட்டலாம்னு இருக்கேன்."

அவருக்கு 3 ஏக்கரில் மரவள்ளி. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மின் இணைப்பு இல்லை. 5 குதிரைத்திறன் டீசல் எஞ்சினை வைத்துத்தான் இறைக்கிறார். மணிக்கு ஒரு லிட்டருக்குக் குறையாமல் டீசல் குடிக்கும். அந்த டீசலையும் கச்சிராயபாளையம் இறங்கி, கேனில் பிடித்து, மலைப்பாதையில் மேலே கொண்டுவர வேண்டும்.

பத்தாயிரம் ரூபாயைவிட அடுத்து அவர் சொன்னதுதான் என்னை அதிகம் உறுத்தியது. சூரியசக்தி பம்ப்செட்டுக்கு மனு கொடுக்க சிட்டா, அடங்கல் எல்லாம் எடுத்து வைத்திருந்தாராம். 'இதைவிட நல்லது வரப்போகுதே' என்று அந்தக் காகிதங்களைப் பெட்டியில் போட்டு மூடிவிட்டாராம். இவரைப் போல எத்தனை பேர் காத்திருக்கிறார்களோ என்ற எண்ணத்தில்தான் இதை எழுதுகிறேன்.

தண்ணீர் எரிபொருள் இல்லை

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஹைட்ரஜனில் மின்சாரம் எடுக்கும் கருவி பொய்யில்லை. அதற்கு எரிபொருள் மின்கலம் என்று பெயர். கடைக்காரர்கள் ஃப்யூயல் செல் என்பார்கள். பொய் எங்கே இருக்கிறது என்றால், 'தண்ணீர் ஊற்றினால் ஓடும்' என்பதில்.

பேட்டரி நெல் குதிர் மாதிரி. போட்டு வைத்ததைத்தான் எடுக்க முடியும், தீர்ந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். எரிபொருள் மின்கலம் செக்கு மாதிரி. கடலை போடப் போட எண்ணெய் வரும், போடுவதை நிறுத்தினால் எண்ணெயும் நிற்கும். இந்தச் செக்குக்குப் போடும் கடலைதான் ஹைட்ரஜன் வாயு. உள்ளே ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் காற்றில் உள்ள ஆக்சிஜன். ஹைட்ரஜனில் உள்ள எலெக்ட்ரான் மட்டும் சவ்வைத் தாண்ட முடியாமல் வெளியே கம்பி வழியாகச் சுற்றிப் போகிறது. அந்த ஓட்டம்தான் மின்சாரம். இரண்டு வாயுவும் சேர்ந்த பிறகு கழிவாக வெளியே வருவது தண்ணீர். நெருப்பு இல்லை, புகை இல்லை, எஞ்சின் சத்தமும் இல்லை.

ஆக, தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். அடுப்புச் சாம்பலை மறுபடி எரித்துச் சோறு பொங்க முடியுமா? தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரிக்கலாம். ஆனால் அதற்கு மின்சாரம் வேண்டும். அதுவும் திரும்பக் கிடைப்பதைவிட அதிகமாக வேண்டும். 1996-ல் மூலிகைப் பெட்ரோல் என்று தமிழ்நாடே பரபரத்ததும், அது எப்படி முடிந்தது என்பதும் பலருக்கு நினைவிருக்கும். தண்ணீரில் ஓடும் எஞ்சினும் அந்த வரிசைதான்.

முதலில் ஓடியது டிராக்டர்

இந்தக் கருவியின் அடிப்படையை 1839-லேயே வில்லியம் குரோவ் என்பவர் செய்து காட்டினார். வேல்ஸ் நாட்டில் பிறந்தவர், வழக்கறிஞர், விஞ்ஞானி. அதன்பின் நூறு ஆண்டுக்கு மேல் அது ஆய்வுக்கூட மேசையிலேயே கிடந்தது.

1959-ல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் அல்லிஸ்-சால்மர்ஸ் என்ற டிராக்டர் கம்பெனி இதைத் தூக்கி ஒரு டிராக்டரில் வைத்தது. 1,008 சிறு மின்கலங்களைச் சேர்த்து 15 கிலோவாட் மின்சாரம் எடுத்து, 20 குதிரைத்திறனில் ஒரு குதிரைமசால் வயலை உழுது காட்டினார்கள். எரிபொருள் மின்கலத்தில் ஓடிய முதல் வாகனங்களில் ஒன்று உழவு டிராக்டர் என்பது நமக்குப் பெருமையான விஷயம்தான். இன்று அது அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வயலில் நிலைக்காத கருவிக்கு விண்வெளியில் இடம் கிடைத்தது. 1965-ல் ஜெமினி விண்கலத்தில் போனது. பிறகு அப்பல்லோவில் போனது. நிலவுக்குப் போனவர்கள் குடித்த தண்ணீரே இந்த மின்கலம் கழித்த தண்ணீர்தான். விண்கலத்துக்கு விலை ஒரு பொருட்டில்லை. நமக்கு அதுதான் முதல் கேள்வி. சவ்வின் மேல் பூசும் பிளாட்டினம் விலை உயர்ந்த உலோகம், எரிபொருளான ஹைட்ரஜனோ கடையில் கிடைப்பதில்லை. 2009-ல் நியூ ஹாலந்து கம்பெனியும் ஹைட்ரஜன் டிராக்டர் ஒன்றைக் கண்காட்சியில் வைத்தது. ஆனால் இன்றுவரை நம் ஊர் டிராக்டர் கடைக்கு அப்படி ஒன்று வரவில்லை.

தமிழ்நாட்டில் என்ன நடக்கிறது?

நம் ஆட்கள் இதில் பின்தங்கியவர்கள் இல்லை. அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் எழுந்த காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தில் இந்த ஆய்வு நெடுநாளாக நடக்கிறது. சென்னையில் 1990-களிலேயே ஸ்பிக் அறிவியல் நிறுவனத்தில் செய்து பார்த்தார்கள். இப்போது தரமணி ஐ.ஐ.டி. ஆராய்ச்சிப் பூங்காவில் இதற்கென்றே ஏ.ஆர்.சி.ஐ. மையம் இயங்குகிறது.

திருச்சி ஆர்.இ.சி.யில் படித்த கே.ஆர்.ஸ்ரீதர், செவ்வாய்க் கிரகத்தில் ஆக்சிஜன் தயாரிக்கும் கருவிக்காக நாசாவுக்கு வேலை செய்தவர். அதே கருவியைத் திருப்பிப் போட்டால் மின்சாரம் வருமே என்று யோசித்து, 2001-ல் அமெரிக்காவில் தொடங்கியதுதான் இன்றைய ப்ளூம் எனர்ஜி. கூகுள் போன்ற பெரிய நிறுவனங்கள் வாங்கின. ஆனால் அந்தப் பெட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது ஹைட்ரஜன் இல்லை, குழாயில் வரும் இயற்கை எரிவாயு. இதை மனதில் வையுங்கள். குழாயில் எரிபொருள் வந்த இடத்தில் வியாபாரம் நடந்தது.

மற்ற உதாரணங்களும் இதையே சொல்கின்றன. கொச்சி கப்பல் கட்டும் தளம் செய்த ஹைட்ரஜன் படகை 2024 பிப்ரவரி 28 அன்று தூத்துக்குடி விழாவில் பிரதமர் தொடங்கி வைத்தார். 2025 ஜூலையில் சென்னை ஐ.சி.எஃப். ஹைட்ரஜன் ரயில் பெட்டியை ஓட்டிச் சோதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் சுமார் 3.87 கோடி ரூபாயில் ஒரு மாதிரி ஆலை திறந்தார்கள். மணிக்கு 10 கனமீட்டர் ஹைட்ரஜன். எடையில் சொன்னால் ஒரு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அது துறைமுகக் குடியிருப்பின் தெருவிளக்குக்கும் மின்வாகன சார்ஜுக்கும் என்று திட்டம். படகு, ரயில், துறைமுகம் மூன்றிலும் வாகனம் ஒரே இடத்துக்குத் திரும்பி வரும், எரிபொருளை அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். நம் கிணறுகளோ மலைக்கு ஒன்றாகச் சிதறிக் கிடக்கின்றன.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

ஒரு கிலோ ஹைட்ரஜனைத் தண்ணீரிலிருந்து பிரிக்க 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் வேண்டும். அந்த ஒரு கிலோவை எரிபொருள் மின்கலத்தில் விட்டால் திரும்பக் கிடைப்பது 16 யூனிட் அளவுதான். 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு ஏறத்தாழ 4½ யூனிட் இழுக்கும். அப்படியானால்:

* 50 யூனிட் சூரியசக்தி மின்சாரத்தை நேராக மோட்டாருக்குக் கொடுத்தால் சுமார் 11 மணி நேரம் தண்ணீர் இறைக்கலாம்.
* அதே 50 யூனிட்டை ஹைட்ரஜனாக்கி, மறுபடி மின்சாரமாக்கினால் மூன்றரை மணி நேரம்தான்.

மூன்றில் இரண்டு பங்கு வழியிலேயே போய்விடுகிறது. பாட்டாவுக்குக் கரை கட்டாமல் வாய்க்காலில் தண்ணீர் விடுகிற மாதிரி. ராத்திரியிலும் மழைக்காலத்திலும் தேவைப்படும் மின்சாரத்தைச் சேமிக்க இந்த இழப்பைத் தாங்கலாம் என்று பெரிய ஆலைகள் நினைக்கலாம். நமக்குச் சேமிக்க மின்சாரம் தேவையில்லை. பகலில் இறைத்துத் தொட்டியில் தேக்கினால் அதுவே சேமிப்பு.

அடுத்தது போக்குவரத்து. சாதாரண அழுத்தத்தில் ஒரு கிலோ ஹைட்ரஜன் சுமார் 11,000 லிட்டர் இடம் பிடிக்கும். அதைக் காற்றழுத்தத்தைப் போல 350 மடங்கு, 700 மடங்கு அழுத்தித்தான் வாகனங்களில் நிரப்புகிறார்கள். சமையல் சிலிண்டரே நேரத்துக்கு ஏறாத கல்வராயன் மலைப்பாதையில் அது எப்போது ஏறும்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீங்கள் வாங்கும் யூரியா மூட்டையே ஹைட்ரஜனில் இருந்து பிறப்பதுதான். இயற்கை எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, காற்றின் தழைச்சத்தோடு சேர்த்து அம்மோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 19,744 கோடி ரூபாயில் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2030-க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் என்பது இலக்கு. அதனால் ஹைட்ரஜன் நம்மை முதலில் எட்டுவது மோட்டாராக இல்லாமல் உர மூட்டையாக இருக்கும் என்பது என் கணிப்பு.

நானே செய்த தவறு

இவ்வளவு கறாராகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இருபது ஆண்டுக்கு முன், கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்தோடு சேர்ந்திருந்த காலத்தில், காட்டாமணக்கு என்ற அலை அடித்தது. விதையில் டீசல் எடுக்கலாம், மானாவாரியில் வரும், ஆடு தின்னாது என்றார்கள். படித்ததை நம்பி நானும் ஊர் ஊராகப் போய்ச் சொன்னேன். என் பேச்சைக் கேட்டு ஒருவர் இரண்டு ஏக்கர் மணிலா போடும் நிலத்தில் காட்டாமணக்கு நட்டார். செடி வளர்ந்தது. சொன்ன விளைச்சல் வரவில்லை. வந்த கொஞ்சத்தையும் வாங்க ஆள் இல்லை. நான்கு வருடம் கழித்து ஜே.சி.பி. வைத்துப் பிடுங்கினார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. "பரவால்ல விடுங்க சார்" என்றார். திட்டியிருந்தால் இத்தனை வருடம் நினைவில் நின்றிருக்காது.

செடியில் எண்ணெய் இருந்தது உண்மை. உண்மையான ஒன்று நம் நிலத்துக்கும் பைக்கும் ஒத்துவருமா என்பது வேறு கேள்வி. அதை நான் அன்று கேட்கவில்லை.

யார் வந்து விற்றாலும் கேளுங்கள்

1. எரிபொருள் என்ன? 'தண்ணீர்' என்று பதில் வந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.
2. அந்த எரிபொருள் எங்கே கிடைக்கும், என்ன விலை, மலைக்கு யார் கொண்டுவருவார்?
3. பக்கத்து ஊரில் ஒரு வருடமாக ஓடும் கருவி ஒன்றை நேரில் காட்ட முடியுமா? வீடியோ வேண்டாம்.
4. பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரும்? எழுத்தில் தருவீர்களா?
5. மானியம் உண்டு என்றால் எந்தத் துறை, எந்தத் திட்டம்? அந்த அலுவலகத்தில் நீங்களே போய் விசாரியுங்கள்.

சூரியசக்தி பம்ப்செட்டுக்கு பி.எம்.குசும் திட்டத்தில் ஒன்றிய அரசு 30 சதவீதம் தருகிறது, அதோடு மாநில அரசின் மானியமும் சேர்கிறது. வேளாண்மைப் பொறியியல் துறையின் உதவி செயற்பொறியாளர் அலுவலகத்தில் மனு கொடுக்க வேண்டும். பழங்குடியினர், சிறு குறு விவசாயிகளுக்குக் கூடுதல் சலுகை இந்த ஆண்டு எவ்வளவு என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வாசகர் கேள்விகள் இரண்டு

*கேள்வி: பம்ப் ஓடாத நேரத்தில் சூரியத் தகடு மின்சாரத்தில் வீட்டிலேயே ஹைட்ரஜன் தயாரித்து வைக்கலாமா?*

கூடவே கூடாது. காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பிடிக்கும். நிறம் இல்லை, மணம் இல்லை, சுடர்கூடப் பகலில் கண்ணுக்குத் தெரியாது. மிச்ச மின்சாரத்தைத் தீவன வெட்டும் கருவிக்குப் பயன்படுத்த முடியுமா என்று பம்ப் பொருத்தும் நிறுவனத்திடம் கேளுங்கள்.

*கேள்வி: சாண எரிவாயுவில் எரிபொருள் மின்கலம் ஓடுமா?*

ஓடும் வகை உண்டு. 700 டிகிரிக்கு மேல் சூடாக இயங்கும் திட ஆக்சைடு வகை, மீத்தேனையும் ஏற்கும். சாண எரிவாயுவில் பாதிக்கு மேல் மீத்தேன்தான். ஆனால் அழுகிய முட்டை நாற்றம் தரும் ஹைட்ரஜன் சல்பைடு அதில் கொஞ்சம் இருந்தாலும் மின்கலம் கெட்டுவிடும், அதைச் சுத்தமாக வடிகட்ட வேண்டும். சேலம் மாவட்டச் சேகோ ஆலைகள் பலவற்றில் மரவள்ளிக் கழிவுநீரிலிருந்து எரிவாயு எடுக்கிறார்கள். இந்த மின்கலம் நம் பக்கம் வந்தால், அப்படிப்பட்ட ஆலைகளுக்குத்தான் முதலில் வரும் என்று நினைக்கிறேன். வீட்டில் நான்கைந்து மாடு இருந்தால் 2 கனமீட்டர் சாண எரிவாயுக் கலன் இன்றைக்கே சமையலுக்கு உதவும். வெளியே வரும் சாணக்கரைசல் மரவள்ளிக்கு நல்ல உரம்.

வெள்ளிமலைக்காரர் போன வாரம் போன் செய்தார். பெட்டியில் போட்ட காகிதங்களை எடுத்து மனு கொடுத்துவிட்டாராம். "கெழங்குப் பணத்துல என் பங்கைக் கட்டிடறேன் சார். ஆனா அந்த ஹைட்ரஜன் நெசமாவே வந்துச்சுன்னா எனக்குச் சொல்லுங்க" என்றார்.

சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஓடும் கருவியை நேரில் பார்த்த பிறகு, இதே பத்திரிகையில் உங்களுக்கும் சொல்கிறேன்.