தோள் இறுகிவிட்டதா? பிசியோதெரபி, தொக்கணம், யோகா மூன்றையும் எப்படிச் சேர்ப்பது?

தலை வாரக் கை எழும்பவில்லை. முதுகுப் பக்கம் கையைக் கொண்டுபோய்க் கொக்கி மாட்ட முடியவில்லை. அந்தப் பக்கம் புரண்டு படுத்தால் வலி எழுப்பிவிடுகிறது. இப்படி இருந்தால் அது தோள் இறுக்கமாக (தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்குவது) இருக்கலாம். டாக்டர்கள் 'ஃப்ரோசன் ஷோல்டர்' என்பார்கள். 40 முதல் 60 வயதுக்காரர்களுக்கு அதிகம் வரும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இன்னும் அதிகம்.

அதுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டி வையுங்கள். முன்கையை மெல்ல வெளிப்பக்கம் திருப்புங்கள். நல்ல கை போகும் தூரம் வலிக்கிற கை போகவில்லை, வீட்டில் ஒருவர் மெதுவாகத் திருப்பிவிட்டாலும் போகவில்லை என்றால் இறுக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனாலும் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே விழுந்த பிறகு வந்த வலி, காய்ச்சலோடு வரும் வீக்கம், கை மரத்துப்போவது ஆகியவற்றுக்குக் காரணம் வேறாக இருக்கலாம். தோள் வலியோடு நெஞ்சு அழுத்தமும் வியர்வையும் வந்தால் உடனே 108ஐ அழையுங்கள்.

பிசியோதெரபி, யோகா, எண்ணெய் போட்டு நீவுவது என்று ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதைக் கேட்பது?

மூன்றையும் கேட்கலாம். ஆனால் மூன்றின் வேலையும் ஒன்றல்ல. சுருங்கிய உறையை நீட்டித் தருவது பிசியோதெரபி. வலிக்குப் பயந்து கழுத்திலும் தோள்பட்டையிலும் விறைத்துக்கொண்ட தசையைத் தளர்த்துவது தொக்கணம் (சித்த மருத்துவத்தில் எண்ணெய் தேய்த்து அழுத்தி, பிடித்து, அசைத்துச் செய்யும் சிகிச்சை). மூச்சைச் சீராக்கி, தூக்கத்துக்கு உதவி, மீண்ட அசைவைத் தினப்பழக்கமாக்குவது யோகா. என்னைக் கேட்டால், பிசியோதெரபிதான் நடுவில் இருக்க வேண்டும். நீவிவிட்டால் மட்டும் உறை நீளாது.

எந்த வரிசையில் செய்வது?

முதலில் சூடும் எண்ணெயும். நொச்சி இலையை வதக்கித் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது நம் வீடுகளில் தெரிந்த வைத்தியம்தான். சர்க்கரை இருந்தால் தோலில் உணர்ச்சி குறைந்திருக்கலாம். மூட்டையை முதலில் இன்னொருவர் தன் கையில் வைத்துச் சூடு பார்க்கட்டும். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் அழுத்தி நீவ விடக் கூடாது. உள்ளே இரத்தம் கட்டிக்கொள்ளும்.

தசை தளர்ந்ததும் பயிற்சி. நல்ல கையை மேசையில் ஊன்றிக் குனிந்து, வலிக்கும் கையைத் தொங்கவிட்டுச் சின்ன வட்டமாக ஆட்டுங்கள். பிறகு சுவரை நோக்கி நின்று விரல்களால் மேலே ஏறுங்கள். எட்டிய உயரத்தில் தேதி போட்டுப் பென்சில் கோடு இழுத்து வையுங்கள். முன்னேற்றம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் மனசு விடாமல் செய்யும்.

கடைசியில் யோகா. மல்லாந்து படுத்து, இரு கைகளையும் கோத்து, மூச்சை இழுத்தபடி வலிக்காத உயரம் வரை தூக்கி, மூச்சை விட்டபடி இறக்குங்கள். சூரிய நமஸ்காரம், சர்வாங்காசனம், சக்கராசனம் போலத் தோளில் பாரம் ஏறும் ஆசனங்கள் இப்போது வேண்டாம். இதை யோகா ஆசிரியரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு வலியைப் பொறுத்துக்கொள்வது?

நீட்டும்போது இழுப்பது போன்ற வலி வரும், அது தவறில்லை. அன்று இரவு வலி கூடினால், செய்தது அதிகம். மறுநாள் பாதியாகக் குறையுங்கள். தொடக்க மாதங்களில் வலிதான் பெரிதாக இருக்கும். அப்போது மென்மையான அசைவு போதும். வலி அடங்கி இறுக்கம் மட்டும் மிஞ்சும்போது நீட்டலைக் கூட்டலாம்.

"ஒரே இழுப்பில் சரியாக்கிவிடுகிறேன்" என்று யாராவது சொன்னால்?

தயவுசெய்து கையைக் கொடுக்காதீர்கள். முரட்டு இழுப்பில் தசைநார் கிழியலாம். எலும்பு வலுவிழந்தவர்களுக்கு முறியவும் கூடும். வர்மமும் (உடலின் 108 முக்கியப் புள்ளிகளைக் கையாளும் சித்த மருத்துவப் பிரிவு) முறையாகப் படித்தவர் கையில்தான் இருக்க வேண்டும். நல்ல வர்ம ஆசான் முதலில் விசாரிப்பார், பிறகுதான் தொடுவார்.

எங்கே போவது?

தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும், பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா மருத்துவமனை வளாகத்தில் சித்தாவும் யோகாவும் பக்கத்தில் பக்கத்திலேயே கிடைக்கும். வெளியே போக முடியாதவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். எங்கே போனாலும் மற்ற இருவர் என்ன செய்கிறார்கள் என்பதை மூன்றாமவரிடம் சொல்லுங்கள். ஒரே நாளில் இருவர் தோளை நீட்டினால் வலிதான் கூடும்.

எப்போது சரியாகும்?

ஒன்று முதல் மூன்று வருடம் வரை ஆகலாம். பெரும்பாலானோருக்குக் கை பெருமளவு திரும்பிவிடும். சர்க்கரை கட்டுக்குள் இல்லையென்றால் இன்னும் இழுக்கும். சில மாதங்கள் விடாமல் செய்தும் சுவர்க்கோடு மேலே ஏறவில்லையென்றால் எலும்பு மருத்துவரிடம் போங்கள். மூட்டுக்குள் ஊசி போடுவது பலருக்கு வலியைக் குறைக்கும். அந்த மருந்தில் சில நாள் சர்க்கரை ஏறும், அதனால் உங்களுக்குச் சர்க்கரை இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.