பூனையா, மெத்தையா?

பூனை முடி தொண்டைக்குள் போனால் இழுப்பு வரும் என்று மயிலாப்பூர்ப் பாட்டிமார் சொல்லிவந்தது பாதி சரி. பூனையால் இழுப்பு வருவது உண்மை. ஆனால் முடியால் அல்ல. குற்றவாளி ஒரு புரதம். ஃபெல் டி 1 என்று அதற்குப் பெயர். பூனையின் தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பிகளிலும் எச்சிலிலும் அது ஊறுகிறது. பூனையோ விழித்திருக்கும் நேரத்தில் கணிசமான பகுதியைத் தன்னை நக்கிக்கொள்வதிலேயே கழிக்கும் பிராணி. நக்கிய எச்சில் முடியில் காய்ந்து, தோல் செதிலோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத துகளாக உதிர்கிறது. முடி வெறும் வாகனம்தான். அதனால்தான் முடி குறைந்த ஜாதிப் பூனையைப் பல ஆயிரம் கொடுத்து வாங்கி வந்த வீட்டிலும் தும்மல் நிற்பதில்லை. ‘அலர்ஜி தராத பூனை’ என்று விற்பவர்களின் பேச்சை நம்ப வேண்டாம். அப்படி ஓர் இனம் இருப்பதாக இதுவரை யாரும் நிரூபிக்கவில்லை. வண்டலூர் மிருகக்காட்சிசாலையில் உறுமும் சிங்கத்துக்கும் புலிக்கும்கூட இதே குடும்பத்துப் புரதம் உண்டு.

இந்தப் புரதம் விஷமல்ல. பத்துப் பேர் மூச்சில் இழுத்தால் பெரும்பாலோருக்கு ஒன்றுமே ஆகாது. சிலரின் உடம்பு மட்டும் அதைப் பகையாளி என்று தப்பாகப் புரிந்துகொண்டு ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளைத் தயாரித்து வைத்துக்கொள்கிறது. ஜப்பானிய விஞ்ஞானத் தம்பதி கிமிஷிகே, தெருகோ இஷிசாகா 1966-ல் இந்த எதிர்ப்புப் பொருளைக் கண்டறிந்தார்கள். அடுத்த முறை பூனைத் துகள் மூக்கில் ஏறியதும் உடம்பிலுள்ள மாஸ்ட் செல்கள் ஹிஸ்டமின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகின்றன. மூக்கு ஒழுகுகிறது, கண் அரிக்கிறது. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு வீசிங் வருகிறது.

பாட்டிமார் காலத்தில் மட்டும் இந்தத் தொல்லை ஏன் இவ்வளவு இல்லை? மாட வீதிகளை ஒட்டிய பழைய ஓட்டு வீடுகளிலும் பூனை இருந்தது. ஆனால் அதன் ராஜ்ஜியம் கொல்லைப்புறமும் அடுக்களை வாசலும்தான். நடுவில் முற்றம் திறந்து கிடந்தது, காற்று ஓடியது. இன்று அதே மனையில் நாலு மாடி எழும்பி, பூனை இரண்டு பெட்ரூம் ஃபிளாட்டுக்குள் வந்துவிட்டது. கீழே விட்டால் வண்டியில் அடிபடும் என்ற பயத்தில் ஜன்னலுக்கு வலை வேறு. ராத்திரி கதவைச் சாத்தி ஏசி போட்டால், ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறையில் இருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். மனிதரும் பூனையும் ஒரே தலையணையில் எட்டு மணி நேரம் அதே காற்றைச் சுவாசிக்கிறார்கள். நோய் பெருகியதற்கு உடம்பில் வந்த மாற்றத்தையும் காரணம் சொல்கிறார்கள். சென்னையைப் பொறுத்தவரை வீட்டின் மாற்றத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் கட்சி.

ஆனால் பூனை மேல் பழி போடுவதற்கு முன் இன்னொரு சந்தேகப் பேர்வழியை விசாரிக்க வேண்டியிருக்கிறது. நம் மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப்பூச்சி. நீளம் சுமார் மூன்றில் ஒரு பங்கு மில்லிமீட்டர். நம் தோலிலிருந்து உதிரும் செதில்தான் அதற்குச் சாப்பாடு, காற்றின் ஈரம்தான் அதற்குக் குடிநீர். கடலோரத்தில், வருஷம் முழுக்கக் கசகசக்கும் சென்னை அதற்குச் சொர்க்கம். அதன் எச்சத்தில் உள்ள புரதமும் பூனைப் புரதத்தைப் போலவே அலர்ஜி கிளப்பும். வீட்டில் பூனை இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக, பூச்சி செய்த குற்றத்துக்குப் பூனை தண்டனை அனுபவிப்பது சாதாரணமாக நடக்கிறது. கரப்பான், வடகிழக்குப் பருவமழையில் சுவரில் பூக்கும் பூஞ்சணம், போகிப் புகை என்று பட்டியலில் வேறு ஆட்களும் உண்டு.

பூனையையும் பூச்சியையும் பிரித்தறிய ஓரளவுக்கு உதவும் சங்கதி, துகளின் பருமன். பூச்சியின் எச்சம் கனமானது. மெத்தையைத் தட்டினால் எழும்பும், கொஞ்ச நேரத்தில் படிந்துவிடும். பூனைப் புரதத்தைச் சுமக்கும் துகள்களில் கணிசமானவை 5 மைக்ரானுக்கும் சிறியவை. யாரும் நடமாடாத அறையிலும் மணிக்கணக்கில் மிதக்கும், நுரையீரலின் ஆழம்வரை இறங்கும். அதனால் விடியற்காலை எழுந்ததும் வரிசையாகத் தும்மல், படுக்கை உதறினால் மூக்கடைப்பு என்றால் பூச்சி மேல் சந்தேகம் போகலாம். அடையாறில் பூனை வளர்க்கும் அத்தை வீட்டுக்குள் நுழைந்த கால் மணி நேரத்தில் கண் சிவந்தால் பூனை மேல். இது ஊகம்தான், தீர்ப்பு அல்ல. துணியில் ஒட்டிக்கொண்டு பயணம் செய்வதில் பூனைப் புரதம் கெட்டிக்காரன். பூனையே நுழையாத ஸ்வீடன் வகுப்பறைகளின் தூசியில்கூட, மாணவர்களின் உடுப்பில் தொற்றி வந்த அந்தப் புரதத்தை ஆய்வாளர்கள் கண்டெடுத்திருக்கிறார்கள்.

தீர்ப்புக்கு இருக்கிறது தோல் குத்துச் சோதனை. முன்கையின் உட்புறத்தில் பேனாவால் எண்கள் எழுதுவார்கள். ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் ஒரு சொட்டு: பூனை, தூசிப்பூச்சி, கரப்பான், பூஞ்சணம், மகரந்தம். சின்ன ஊசிமுனையால் சொட்டின் நடுவில் லேசாக ஒரு குத்து. ரத்தம் வராது. பிறகு கையை அசைக்காமல், சொறியவும் முடியாமல் கால் மணி நேரம் உட்கார வேண்டும். சோதனையில் கஷ்டம் என்றால் அந்தச் சொறிய முடியாத கால் மணி நேரம்தான். ஒத்துக்கொள்ளாத இடத்தில் கொசுக்கடி மாதிரி தடிப்பு எழும்பும். அளவுகோல் வைத்து அளப்பார்கள். வெறும் உப்புநீர் சொட்டு வைத்த இடத்தைவிட 3 மில்லிமீட்டராவது பெரிதாக இருந்தால் உடம்பு அந்தப் பொருளுக்கு எதிராகப் பழகியிருக்கிறது என்று அர்த்தம். சோதனைக்குச் சில நாள் முன்பே செட்ரிசின், அவில் போன்ற மாத்திரைகளை டாக்டரைக் கேட்டு நிறுத்தியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தடிப்பே வராது, முடிவு பொய்யாகும். கடும் இழுப்பு இருக்கும் நாளில் இந்தச் சோதனை செய்ய மாட்டார்கள். அப்படி இழுப்பு உள்ளவர்களுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு.

பூனைதான் என்று உறுதியானால், முதல் வேலை படுக்கையறையை மீட்பது. பூனைக்கு அந்த அறைக்குள் அனுமதி இல்லை. பகலிலும் இல்லை, ‘பாவம், அழுகிறதே’ என்றாலும் இல்லை. ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்கு நேரம் மூக்குக்கு ஓய்வு கிடைக்கும். இந்த ஒன்றைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஏர் பியூரிஃபையர் வாங்கி வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது. அதிலுள்ள ஹெபா வடிகட்டி காற்றிலுள்ள புரதத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், காற்றில் புரதம் குறைந்தும் நோயாளிகளின் தும்மலும் மூக்கடைப்பும் குறிப்பிடும்படி குறையவில்லை. காரணம், சரக்கு முழுவதும் காற்றில் இல்லை. மெத்தையில், சோபாவில், திரைச்சீலையில் இருக்கிறது.

இந்த விஷயத்தில் நம் வீடுகளுக்கு ஓர் அனுகூலம் உண்டு. குளிர்நாடுகளில் அறை முழுக்கக் கார்ப்பெட் விரித்திருப்பார்கள். வழவழப்பான தரையைவிடப் பல மடங்கு பூனைப் புரதத்தை அது பிடித்து வைக்கும். நமக்கு மொசைக்கும் டைல்ஸும். ஆனால் பூந்துடைப்பத்தால் பெருக்கினால் படிந்திருந்ததெல்லாம் மறுபடி காற்றில் ஏறும். ஈரத் துணியால் துடைப்பதே மேல். அதை அலர்ஜி உள்ளவர் செய்யாமல் வேறொருவர் செய்வது இன்னும் மேல். வெயிலில் காயவைப்பது பற்றி ஒரு வார்த்தை. இலவம்பஞ்சு மெத்தையை மொட்டை மாடியில் பங்குனி வெயிலில் போடும் வழக்கம் பூச்சிக்கு நல்ல வைத்தியம், ஈரம் வற்றினால் அது செத்துவிடும். பூனைப் புரதம் உயிருள்ளது அல்ல, வெயிலுக்கு மசியாது. அதற்குத் தண்ணீர்தான் வேண்டும். தலையணை உறை, போர்வையை வாரம் ஒருமுறை துவைத்தால் பச்சைத் தண்ணீரிலும் போய்விடும்.

பூனையைக் குளிப்பாட்டலாமே என்பார்கள். குளிப்பாட்டினால் புரதம் குறையும், ஆனால் ஒரு வாரத்துக்குள் பழைய அளவுக்கு வந்துவிடும். அதற்காக வாரா வாரம் கையைப் பிறாண்டிக்கொள்வது வீண். கடுவனுக்குக் கருத்தடை செய்வது பலனுள்ளது. செய்யாத கடுவன்தான் இந்தப் புரதத்தை அதிகம் சுரக்கும். 2020-ல் அமெரிக்காவில் ஒரு புதுமையான தீவனம் விற்பனைக்கு வந்தது. கோழிமுட்டையிலிருந்து எடுத்த எதிர்ப்புப் பொருளை அதன் மேல் பூசியிருப்பார்கள்; அது பூனையின் வாயிலேயே புரதத்தைக் கட்டிப்போடும். மூன்றாவது வாரத்திலிருந்து முடியில் செயலுள்ள புரதம் சராசரியாக 47 சதவீதம் குறைந்ததாக ஆய்வு சொல்கிறது. ஆய்வு நடத்தியது தீவனக் கம்பெனியே என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

மருந்து விஷயத்தில் நம் ஊரில் தலைகீழ்ப் பழக்கம். மெடிக்கல் ஷாப்பில் அவில் வாங்கிப் போட்டுக்கொண்டு தூங்கி வழிவார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரேயைத் தொட மாட்டார்கள், ஸ்டீராய்டாம். மூக்கில் மட்டும் வேலை செய்யும் அந்தச் சிறு அளவு மருந்துதான் தொடர்ந்த மூக்கடைப்புக்குப் பெரும்பாலும் முதல் தேர்வு. தினமும் அடிக்க வேண்டும். பலன் முழுதாகத் தெரியச் சில நாளாகும். அடிக்கும்போது மூக்கின் நடுச்சுவரைப் பார்க்காமல், காதுப் பக்கமாகச் சாய்த்து அடித்தால் ரத்தக் கசிவு குறையும். மூன்று முதல் ஐந்து ஆண்டு தொடரும் அலர்ஜித் தடுப்பு ஊசியும் உண்டு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது ஆகாது.

இவ்வளவு செய்தும் குழந்தைக்கு ராத்திரியில் இழுப்பு நிற்கவில்லை, அடிக்கடி நெபுலைசர் வைக்க வேண்டியிருக்கிறது என்றால், பூனைக்கு வேறு வீடு பார்க்கத்தான் வேண்டும். அதில் பிடிவாதம் கூடாது. ஆனால் பூனை போன மறுவாரமே குணம் தெரியவில்லையே என்று மனம் தளர வேண்டாம். வீட்டில் படிந்த புரதம் குறைய நாலைந்து மாதம் பிடிக்கும். சோபாவையும் மெத்தையையும் நன்றாகச் சுத்தம் செய்தால் சீக்கிரம் போகும்.

வேறு வீடு என்றால் தெரிந்த மனிதர் வீடு. சாக்கில் கட்டி மீன் மார்க்கெட் பக்கம் விட்டுவிட்டு வருவது நம் ஊரில் பாவமாகவே கருதப்படாத பழக்கம். கலாக்ஷேத்ராவை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் போராடிக் கொண்டுவரவைத்த 1960-ம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி, பசியால் வாடும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய்வரை. தொகை சிறிது என்று சிரிக்காதீர்கள்; தூக்கி வளர்த்த பூனைக்குச் சோறு போடும் ஒரு வீட்டைத் தேடிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.